ஹைப்பரா, ஹைப்போவா?

தர்மபுரி ஜில்லா ஏரியூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண் பிளஸ் டூ வரையில் தமிழிலேயே படித்து, நல்ல மார்க்கு வாங்கி, இப்போது நர்ஸிங் படிப்பில் சேர்ந்திருக்கிறாளாம்.

"பாடம் புரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. வார்த்தைகள்தான் வாயில் நுழையவில்லை என்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணி வரையில் நெட்டுருப் போடுகிறாள். விடிந்தால் பாதி மறந்துவிடுகிறது. தமிழில் படிக்க வைத்ததுதான் பிசகோ என்று அவள் அப்பா வருந்துகிறார். இதற்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்கிறார்.

வழி உண்டு, அம்மா. தமிழில் படிக்க வைத்தது பிசகும் இல்லை. பிசகு இல்லை என்பது மட்டுமல்ல. அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவியே உங்கள் பெண்ணின் தமிழ்ப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

வைத்தியத்திலும் விஞ்ஞானத்திலும் நம்மை மிரட்டுகிற இங்கிலீஷ் வார்த்தைகளில் பெரும்பாலானவை பிறப்பால் இங்கிலீஷ் அல்ல. இங்கிலீஷ்காரர்கள் கிரேக்க பாஷையிலிருந்து இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்ட நகைகள் அவை. ஆகவே அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் அவை பாடம் பண்ணித்தான் வரும். ஆனால் இந்த நகைகளில் ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொன்றும் திருகாணி போட்டுக் கோத்தது. கழற்றத் தெரிந்தால் நாலைந்து சிறு துண்டுகள்தான். அந்தத் துண்டுகளே மறுபடி மறுபடி வேறு வேறு நகைகளில் வரும்.

தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோ என்றால் வெப்பம். மீட்டர் என்றால் அளப்பது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதற்கு என்ன பெயர்? வெப்பமானி. வெப்பம், மானி. துண்டுக்குத் துண்டு அப்படியே பொருந்துகிறது, பார்த்தீர்களா?

இன்னும் சில பாருங்கள். டெலி என்றால் தொலைவு. ஸ்கோப் என்றால் நோக்குவது. டெலஸ்கோப், தொலைநோக்கி. மைக்ரோ என்றால் நுண்ணியது. மைக்ராஸ்கோப், நுண்ணோக்கி. பயோ என்றால் உயிர். லாஜி என்றால் இயல். பயாலஜி, உயிரியல். ஹைட்ரோ என்றால் நீர். ஜன் என்றால் பிறப்பிப்பது. ஹைட்ரஜன், நீரகம். போட்டோ என்றால் ஒளி. சின் என்றால் ஒருங்கே. தீசிஸ் என்றால் வைத்தல். போட்டோசிந்தசிஸ், ஒளிச்சேர்க்கை.

பத்தாம் வகுப்பில் 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த பெண்ணுக்கு அதன் அர்த்தம் கேட்ட மாத்திரத்தில் விளங்கியிருக்கும். இலை ஒளியைக் கொண்டு எதையோ சேர்க்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். இங்கிலீஷில் படித்த பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அவள் ஓசையை மனனம் செய்தாள். உங்கள் பெண் அர்த்தத்தைப் படித்தாள். இப்போது உங்கள் பெண் செய்ய வேண்டியதெல்லாம், தெரிந்த அர்த்தத்துக்குத் தெரியாத ஓசையை முடிச்சுப் போடுவதுதான்.

இந்த நீரகமும் நுண்ணோக்கியும் தாமாக முளைத்தவை அல்ல. பலர் பாடுபட்டு உண்டாக்கியவை. அந்தப் பாட்டில் உங்கள் ஜில்லாவுக்கும் பங்கு உண்டு. 1916-ஆம் ஆண்டில், அப்போது சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜியும், வெங்கடசுப்பையர் என்பவரும் சேர்ந்து, சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்படுத்திப் பத்திரிகையும் நடத்தினார்கள். தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-இல்தான். ஆகவே அன்றைக்கு ஏரியூரும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊரே. பின்னாளில் ராஜாஜி ரசாயன சாஸ்திரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பாவனையில் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார்.

அதற்கும் முன்னால், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளைக்காரர் இதே வேலையைச் செய்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். வைத்தியப் புத்தகங்களைத் தமிழில் பெயர்த்தார். அனாட்டமி என்பதற்கு 'அங்காதிபாதம்' என்று அவர் காலத்தில் பெயர் வைத்திருந்தார்கள். அர்த்தத்தைப் பாராமல் இப்படி ஒரு சொல்லைச் செய்ய முடியுமா? அவர்கள் அர்த்தத்தைப் பார்த்துத் தமிழ் செய்தார்கள். உங்கள் பெண் அந்தத் தமிழைப் பிடித்துக்கொண்டு கிரேக்கத்துக்குத் திரும்பிப் போகிறாள். பாதை ஒன்றேதான், போகும் திசைதான் வேறு.

சொல்லை உடைப்பது நமக்குப் புதிதா என்ன? பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா, 'பதம் பிரி' என்று பிராணனை வாங்கவில்லையா? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பு சொல்லுகிறது நன்னூல். கிரேக்கச் சொற்களிலும் முன்னால் ஒட்டுவது, நடுவே வேர், கடைசியில் விகுதி என்று மூன்று இடம் உண்டு. சாரியைகூட இருக்கிறது! புளியும் காயும் சேரும்போது நடுவே 'அம்' வந்து புளியங்காய் ஆகிறதல்லவா? அதே போல தெர்ம் என்பதும் மீட்டர் என்பதும் சேரும்போது நடுவே ஓர் 'ஓ' வந்து நிற்கிறது. அந்த 'ஓ'வுக்குத் தனியே அர்த்தம் கிடையாது. அது வெறும் பசை.

மேட்டூர் அணையின் நீர் நாகமரை வரையில் விரிந்து கிடப்பதை ஏரியூர்க்காரர்கள் அறிவார்கள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை. அந்த மேட்டூரில் மின்சாரம் இரண்டு விதமாக எடுக்கிறார்கள். அணையிலிருந்து விழும் தண்ணீரைக் கொண்டு எடுப்பது ஹைட்ரோ எலக்ட்ரிக். நிலக்கரியை எரித்து எடுப்பது தெர்மல். அது 1987-இல் வந்தது. ஹைட்ரோ என்றால் நீர், தெர்மோ என்றால் வெப்பம் என்று பார்த்தோம். பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்தாலே பாடம் ஆயிற்று. இனி ஹைட்ரோபோபியா என்று புத்தகத்தில் வந்தால், போபியா அச்சம், ஆகவே நீரைக் கண்டு அஞ்சுகிற நோய், அதாவது வெறிநாய்க்கடி என்று உங்கள் பெண்ணே சொல்லிவிடுவாள்.

கிரேக்கம் நம் வீட்டுக்கு அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். பஞ்சாங்கத்தில் சுக்கிர ஹோரை, குரு ஹோரை என்று பார்க்கிறோமே, அந்த ஹோரை கிரேக்கச் சொல். இங்கிலீஷில் 'ஹவர்' என்பதும் அதுவே. ஹோரையோடு 'ஸ்கோப்' சேர்ந்தால் ஹாரஸ்கோப். ஜாதகத்தில் வரும் கேந்திரமும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. அதன் இங்கிலீஷ் உறவு சென்டர். ஏழாம் இடத்தை ஜாமித்திரம் என்கிறார்களே, அது டயாமீட்டர். வட்டத்தின் குறுக்கே நேர் எதிரே இருக்கும் இடம் என்று பொருள். இத்தனை காலமாகக் கிரேக்கம் பேசித்தான் நாம் கல்யாணத்துக்கு முகூர்த்தம் வைத்திருக்கிறோம்!

இனி விஷயத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கு மட்டுமல்ல, சென்னையிலும் மதுரையிலும் வீட்டை ஆளுகிற சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் இது வேண்டும்.

கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பத்துப் பாஷைகள். ஆகையால் நாம் தமிழில் கலந்து பேசும் பல வடசொற்களுக்குக் கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரிகள் உண்டு. 'ஏகம்' என்றால் ஒன்று. ஒன்று அல்லாதது 'அநேகம்'. முன்னால் வரும் அந்த 'அன்' இல்லை என்று சொல்கிறது. கிரேக்கத்திலும் அப்படியே. 'ஏமியா' என்று முடிந்தால் இரத்தத்தைப் பற்றியது. அதன் முன்னால் 'அன்' சேர்ந்தால் அனீமியா. இரத்தம் இல்லாமை, நாம் சொல்லும் இரத்தசோகை.

இப்படியே இன்னொரு ஜோடி. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதும் பதினாறு கண் மதகைத் திறந்து உபரி நீரை விடுகிறார்கள். உபரி என்றால் அளவுக்கு மேற்பட்டது. அந்த 'உபரி'யின் கிரேக்கச் சகோதரிதான் 'ஹைப்பர்'. பெரிய நதியில் வந்து கலக்கும் சிறிய நதி உபநதி. அந்த 'உப'வின் கிரேக்கச் சகோதரி 'ஹைப்போ'. அதற்குக் கீழ், குறைவு என்று பொருள். ஆக, சொல்லில் 'ர்' கேட்டால் உபரி. 'ர்' இல்லாவிட்டால் குறைவு. இதை மறக்கவே முடியாது.

இது ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். டாக்டரின் சீட்டில் ஹைப்பர்கிளைசீமியா என்று எழுதியிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கிறது. ஹைப்போகிளைசீமியா என்றால் சர்க்கரை குறைந்துவிட்டது. முன்னதில் சர்க்கரை கொடுப்பது கெடுதல். பின்னதில், நினைவு இருக்கும்போதே உடனே சர்க்கரை கொடுக்காவிட்டால் ஆபத்து. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தடுமாறிப் பேசுகிற மாமனாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஒரு 'ர்'இல் அடங்கியிருக்கிறது. வாயில் ஒன்றையொன்று போல ஒலிக்கும் இந்த இரண்டு சொற்களையும் ஓசையாக மட்டும் நெட்டுருப் போட்டவர்களுக்கு அவசரத்தில் மாறிப் போகலாம். உபரி நீரை நினைத்துக்கொண்டவர்களுக்கு மாறாது.

நம்மில் பல பெண்களுக்கு வருகிற தைராய்டுக் கோளாறும் இப்படித்தான். தைராய்டு என்பதும் கிரேக்கமே. கேடயம் போன்றது என்று அர்த்தம். தமிழில் கேடயச் சுரப்பி. அது குறைவாகச் சுரந்தால் ஹைப்போதைராய்டு. உடம்பு பருமனாகி, சோர்வு தட்டும். மிகுதியாகச் சுரந்தால் ஹைப்பர்தைராய்டு. உடம்பு இளைத்து, நெஞ்சு படபடக்கும். "எனக்குந்தான் தைராய்டு, நான் சாப்பிடுகிற மாத்திரையை நீயும் சாப்பிட்டுப் பாரேன்" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னால், "உங்களுடையது ஹைப்பரா, ஹைப்போவா, மாமி?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு டாக்டரிடமே போங்கள். வார்த்தை தெரிந்துகொள்வது வைத்தியரை விசாரிப்பதற்கே தவிர, நாமே வைத்தியம் செய்துகொள்வதற்கு அல்ல.

முன்னொட்டைப் போலவே விகுதியும் பேசும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ், மூட்டழற்சி. கேஸ்ட்ரைட்டிஸ், இரைப்பை அழற்சி. ஹெபடைட்டிஸ், கல்லீரல் அழற்சி. 'ஓசிஸ்' என்று முடிந்தால் ஒரு நிலைமை அல்லது நோய். தர்மபுரிப் பக்கத்தில் பல்லில் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு ஃப்ளோரோசிஸ் என்ற சொல் புதிதல்ல. குடிதண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் வருவது அது. அதைத் தடுக்கத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லின் தலை லத்தீன், வால் கிரேக்கம்.

விகுதிகளில் சகோதரிகள் அவசியம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று 'ஸ்கோப்பி', மற்றது 'எக்டமி'. ஸ்கோப்பி என்றால் பார்ப்பது. எண்டோ என்றால் உள்ளே. எண்டாஸ்கோப்பி, உள்ளே விட்டுப் பார்ப்பது. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. 'டாம்' என்ற கிரேக்க வேருக்கு வெட்டு என்று அர்த்தம். பிளக்க முடியாதது என்று ஒரு காலத்தில் நினைத்துத்தான் 'ஆட்டம்' என்று அணுவுக்குப் பெயர் வைத்தார்கள். அதே 'டாம்'தான் எக்டமியில் இருக்கிறது. 'எக்' என்றால் வெளியே.

ஹிஸ்டரெக்டமி என்று ஒரு சொல். ஹிஸ்டரா என்றால் கர்ப்பப்பை. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று பொருள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்கள். கட்டிலில் படுத்திருப்பவள் பயத்தில் இருப்பாள். கூட வந்தவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? அந்தக் காகிதத்தில் 'எக்டமி' என்று எங்கே கண்டாலும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எதை எடுக்கப் போகிறீர்கள்? எடுக்காமல் தீர வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். அவசியமாயிருந்தால் டாக்டர் காரணம் சொல்லுவார். கேட்பது உங்கள் உரிமை. ஒரு விகுதி தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி பிறக்கும், தெரியாவிட்டால் பிறக்காது.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். இங்கிலீஷில் லத்தீன் சொற்களும் கலந்து கிடப்பதால், ஓசை ஒன்றாகவும் அர்த்தம் வேறாகவும் சில வரும். ஆன்ட்டிபயாட்டிக் என்பதில் உள்ள ஆன்ட்டி கிரேக்கம்; எதிர் என்று பொருள். கிருமியின் உயிருக்கு எதிரான மருந்து. ஆனால் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஆன்ட்டிநேட்டல் வார்டில் இருப்பது லத்தீன் 'ஆன்ட்டி'. அதற்கு 'முன்' என்று பொருள். பிரசவத்துக்கு முன் என்பதை, பிரசவத்துக்கு எதிர் என்று கொண்டால் என்ன ஆகும்! எழுத்துக்கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முன்னதில் 'ஐ' எழுத்து. பின்னதில் 'ஈ' எழுத்து. இன்னொன்று, குழந்தை வைத்தியமான பீடியாட்ரிக்ஸ். அதில் இருக்கும் 'பீடி' கிரேக்கத்தில் குழந்தை. அழகு நிலையத்துப் பெடிக்யூரில் இருப்பதோ லத்தீன். அதற்குப் பாதம் என்று அர்த்தம்.

எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு குறிப்பு. 'ஃப' என்ற ஓசைக்கு 'பி', 'ஹெச்' என்று இரண்டு எழுத்துப் போட்டிருந்தால் அநேகமாக அது கிரேக்கம். போன், போட்டோ, போபியா எல்லாம் அப்படித்தான். சைக்காலஜிக்கு முன்னால் வாய் திறக்காமல் ஒரு 'பி' நிற்கிறதே, அதுவும் கிரேக்கத்து விருந்தாளியே.

சரி, எப்படிப் படிப்பது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் வேர். இரண்டாவதில் அதன் தமிழ். மூன்றாவதில் அந்த வேர் வரும் நாலு சொற்கள். 'கார்டி, இதயம், கார்டியாலஜி, கார்டியோகிராம், கார்டைட்டிஸ், பெரிகார்டியம்' என்று எழுத வேண்டியது. நாளைக்கு மூன்று வேர் போதும், முப்பது வேண்டாம். புதுச் சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால், முதலில் உடைத்து, அர்த்தத்தைத் தானே ஊகித்து, பிறகு சரி பார்க்க வேண்டும். ஊகம் தப்பினாலும் நஷ்டமில்லை. தப்பிய சொல் நன்றாக மனசில் பதியும். இரண்டு மாதத்தில் நூற்றைம்பது வேருக்கு மேல் சேர்ந்துவிடும். நாலு சொல் வீதம் அறுநூறு சொல் ஆயிற்றே! நெட்டுருப் போட்டு எந்த ஜன்மத்தில் அறுநூறு சேர்ப்பது?

சமையல் வேலை செய்துகொண்டே தாயாரும் கூடப் படிக்கலாம். "பெரி என்றால் என்ன?" என்று பெண் கேட்கட்டும். "சுற்றி. நம் பரிவாரத்தில் வரும் 'பரி'யின் சகோதரி" என்று நீங்கள் சொல்லுங்கள். "அப்படியானால் பெரிகார்டியம்?" "இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை." இதற்கு டியூஷன் வாத்தியார் எதற்கு?

கடைசியாக, நேயர்கள் எல்லோருமே பிரித்துப் பார்க்க மூன்று சொற்கள் தருகிறேன். பெரிகார்டைட்டிஸ். ஹைப்போதெர்மியா. ஹைப்போடெர்மிக். முதல் இரண்டுக்கும் வேண்டிய துண்டுகள் எல்லாம் மேலே வந்துவிட்டன. மூன்றாவதற்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன்: டெர்மா என்றால் தோல். உங்கள் பெண் முதன்முதலில் கையில் பிடிக்கப் போகும் ஊசிக்கு அதுதான் பெயர். ஏன் அந்தப் பெயர் என்று அவளையே கேளுங்கள், அம்மா. அவள் தமிழில் யோசித்துப் பதில் சொல்லுவாள்.